அணியத்தில் ஐஸ் பெட்டி

கேள்வி: இரணைமடு கடல் இல்லையே, குளந்தானே. கயாக்கில் போக மிதவை அங்கி வேண்டுமா?
(கிளிநொச்சி வாசகர்)

வேண்டும்.

கேள்வி: நந்திக்கடலில் சோழகம் எழும்பினால் கயாக்கின் மூக்கு காற்று வரும் பக்கமே திரும்புகிறது. அந்தப் பக்கமே வலித்து வலித்துத் தோள் விட்டுப்போகிறது. துடுப்பை மாற்றலாமா? அணியத்தில் ஓர் ஐஸ் பெட்டி இருக்கும், வேறு பாரமில்லை.
(முள்ளியவளை வாசகர்)

துடுப்பு பாவம், அதை விட்டுவிடுங்கள். பிழை கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

ஓடுகிற படகின் அணியம் தண்ணீரை அழுத்திப் பிளந்துகொண்டு போகும். பக்கவாட்டில் இலேசில் அசையாது. பின்பக்கம் கலங்கிய தண்ணீரில் பிடியில்லாமல் வரும். பக்கக் காற்று அந்தப் பிடியில்லாத முனையைத்தான் தள்ளும். வால் ஒதுங்க, மூக்கு காற்றைப் பார்க்கும். பட்டம் ஏற்றிய பிள்ளைக்குக்கூட இது விளங்கும். இதில் ஐஸ் பெட்டியையும் முன்னே வைத்தால் அணியம் இன்னும் தாழும், வால் இன்னும் கிளம்பும். காற்றுக்கு வேறென்ன வேண்டும்?

பெட்டியை இருக்கைக்குப் பின்னால் கட்டுங்கள். கட்டுங்கள் என்றால் கயிற்றால், சும்மா வைப்பதல்ல. கரையோரம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்து, ஒரு சாண் முன்பின் நகர்த்துங்கள். பாரம் மிஞ்சிப் பின்னால் போனால் மூக்கு காற்றோடு ஓடும், எதிர்க்காற்றுக்குத் திருப்பவே முடியாது. பிறகும் திரும்பினால், காற்று வரும் பக்கம் இடுப்பால் கொஞ்சம் சரித்து, அதே பக்கத்தில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை துடுப்பை அகல வளைத்து வலியுங்கள். இத்தனையும் பார்க்காமல் சுக்கான் பூட்டக் காசு கொடுப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: வலிப்பதை நிறுத்தியதும் படகு காற்றுக்குக் குறுக்கே கிடக்கிறது. பழுதா?
(வவுனியா வாசகர்)

பழுதில்லை, பயப்படாதீர்கள். நின்ற கயாக் அப்படித்தான் கிடக்கும். வலிக்கத் தொடங்குங்கள், நேராகும்.

கேள்வி: சோழகக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையோரம் கடல் குளம்போலக் கிடக்கிறது. கயாக் இறக்கலாமா?
(முல்லைத்தீவு வாசகர்)

இறக்க வேண்டாம். சோழகம் தென்மேற்கிலிருந்து, தரையைத் தாண்டி வருகிற காற்று. தரை மறைப்பதால்தான் கரையோரம் அலையில்லை. கொஞ்சம் வெளியே போனதும் முதுகில் காற்று பிடித்து வங்காள விரிகுடாப் பக்கம் தள்ளும். போகும்போது சுகமாகத்தான் இருக்கும். திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. இயந்திரம் பூட்டிய பைபர் படகு போய் வருகிறதே என்று கணக்குப் போடாதீர்கள், அதற்கு இயந்திரம் இருக்கிறது. ஆசை விடாவிட்டால் நந்திக்கடலின் கிழக்குக் கரையில் இறக்கி, தோள் புதிதாக இருக்கும்போதே காற்றை எதிர்த்து மேற்கே போங்கள். களைத்தால் அதே காற்று இறக்கிய கரைப்பக்கம் கொண்டுவந்து விடும்.