கயிற்றை இழுப்பதற்கு முன்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9.45 முதல் மாலை 4 மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் அறிவிப்பு வந்தால், அன்று பத்தரை மணிவாக்கில் எங்கள் தெருவில் யாராவது என்னைத் தேடி வந்துவிடுவார்கள். "சார், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கயிறு இழுத்து இழுத்துத் தோளே விட்டுப்போச்சு." திருச்சி கே.கே. நகரில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. ஃபேனும் லைட்டும் அதிலேயே ஓடிவிடும். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் போர் மோட்டாரை இழுக்காது. மொட்டைமாடித் தொட்டி காலியான பிறகுதான் மாடிப்படிக்கு அடியில் கோணி போர்த்திக் கிடக்கும் ஜெனரேட்டர் ஞாபகத்துக்கு வரும்.

அவற்றில் பல 2012 வாக்கில் வாங்கியவை. சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்கே பேச்சு எழுந்த அந்த வருஷம், எங்கள் பக்கத்து மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருட்டாக இருந்த நாட்கள் உண்டு. அப்போது இந்த செட்டுகள் தினமும் ஓடின, மக்கர் பண்ணியது அபூர்வம். 2014க்குப் பிறகு மின்வெட்டு அடங்கியது. செட்டுகள் மூலைக்குப் போயின. தொந்தரவு அதன் பிறகுதான் ஆரம்பித்தது. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை தேய்ந்துபோனவை அல்ல, ஓடாமல் கிடந்து கெட்டவை. அதனால் எஞ்சினைப் பிரிக்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, இத்தனை மாதமாக அதற்குள் என்ன தேங்கி நின்றது என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல பெட்ரோலின் வாசனை மூக்கில் ஏறும். பழசானது வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த நெடி அடிக்கும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் குழாய் கிளம்புவதும் அடியிலிருந்துதான் என்பதால் கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கீழே தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் டேங்க்கை முழுசாக வடித்துவிட வேண்டும். பழசின் மேலேயே ஒரு லிட்டர் புதுசை ஊற்றுவது வீண் செலவு.

டேங்க்கில் கெட்டது கார்புரேட்டரிலும் கெட்டிருக்கும். அடியில் உள்ள கிண்ணத்தில் வடிப்பதற்கு ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் தளர்த்தி, பெட்ரோல் டேப்பைத் திறந்தால் தாராளமாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு. நன்றாக வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஜெட்டைப் பார்க்க வேண்டும். பித்தளையில் மயிரிழைத் துளை உள்ள சின்ன திருகு அது. பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி அந்தத் துளையை மூடிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி எடுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த செட் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே கரும்புகை கக்கும். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நிற்கிற செட்டுகளில் அநேகமாக இந்த ஜெட்தான் குற்றவாளி.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய செட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பிய பிறகே அணைக்க வேண்டும். அப்படியே மண்ணெண்ணெயில் அணைத்தால் அடுத்த முறை குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. கரண்ட் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இந்தத் திருப்பலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பெட்ரோல் சரி என்றால் அடுத்தது ஆயில். ஆயில் குறைந்தால் தீப்பொறியையே நிறுத்திவிடும் சென்சார் பல செட்டுகளில் உண்டு. எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணத்தைக் கண்டிருக்கிறேன். வண்டி ஏற்றுவதற்காக கேட்டுக்கு முன்னால் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள். உள்ளே இடமில்லாமல் ஜெனரேட்டரை அந்தச் சரிவில் வைத்தால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு சரியாக இருந்தும் சென்சார் மறித்துவிடும். சமதரையில் இறக்கி வைத்த உடனே ஒரே இழுப்பில் பிடித்த செட்டுகள் உண்டு.

பிறகு பிளக். கழற்றிப் பார்த்தால் அதுவே கதை சொல்லும். ஈரமாக இருந்தால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ. துடைத்துக் காயவைத்து, சோக் இல்லாமல் இழுக்க வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி படிந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்கு வையுங்கள். தீப்பொறி பார்க்க, பிளக்கை மூடியில் சொருகி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, எஞ்சின் உடம்பில் தொடவைத்து, இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடிப் பக்கம் என் அக்கா வீட்டில் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது, குடிக்கத் தண்ணீர் ஏற்றக் கரண்ட் இல்லை. "தம்பி, வேற எதுவும் வேணாம், ஒரு ஜெனரேட்டர் மட்டும் அனுப்பு" என்றாள். எங்கள் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த செட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தோம். பழைய பெட்ரோலை வடித்து ஜெட்டை ஊதியதிலேயே பல பிடித்துக்கொண்டன. ஒன்று மட்டும் பொறி வந்தும், பெட்ரோல் வந்தும் இரும மட்டும் செய்தது. பாலக்கரையில் இருந்து வந்த மெக்கானிக் சைலன்சர் வாயில் டார்ச் அடித்தார். குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. புகை வெளியே போக வழியில்லாத எஞ்சினுக்குள் புதுக் காற்று எப்படி நுழையும்? அன்றிலிருந்து ஏர் ஃபில்டரைப் பார்க்கும்போதே சைலன்சர் வாயையும் பார்த்துவிடுகிறேன்.

இத்தனையும் வராமலிருக்க வழி ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை இருபது நிமிடம் ஓட்டுங்கள், சும்மா இல்லை, அயர்ன் பாக்ஸ் மாதிரி ஒரு லோடு கொடுத்து. முடிந்ததும் லோடை எடுத்துவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிட்டால் பிசின் படிய அங்கே எதுவும் மிஞ்சாது.

ஓடத் தொடங்கிய ஜெனரேட்டருக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மழை என்று போர்டிகோவிலோ மாடிப்படி அடியிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஜன்னல் வழியாக வந்து தூக்கத்திலேயே கொன்றுவிடும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை எடுத்து சுவரிலுள்ள 15 ஆம்ப் சாக்கெட்டில் சொருகும் பழக்கத்தையும் பார்க்கிறேன். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி 11,000 வோல்ட் ஆகும், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேன் கையில் இறங்கும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மோட்டாருக்கு மட்டும் தனி வயர் இழுத்து, ஜெனரேட்டரில் உள்ள சாக்கெட்டிலேயே நேராகச் சொருகுங்கள்.