ஓட்டம் அலுத்துவிட்டது என்ற தம்பிக்கு



தினமும் இந்த டெல்லி டிஸ்ட்ரிக்ட் பார்க்கைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போச்சு, புது ஷூ வாங்கலாமா, வேறு பார்க்குக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். ஷூ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஷிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கியவர். 1978-இல் ஜலந்தரில் அவர் மாரத்தானை ஓடி முடித்த நேரம் 2 மணி 12 நிமிடம். அந்தத் தேசிய சாதனையை நாற்பது வருஷத்துக்கு மேல் யாராலும் அசைக்க முடியவில்லை. ஷூ தேய்ந்தால் மாற்று. அலுப்புக்கு மருந்தாக வாங்காதே.

பார்க்கில் உன்னைக் கவனித்திருக்கிறேன். எல்லா நாளும் ஒரே வேகம்தான், மெதுவும் இல்லை, விரைவும் இல்லை. பத்தடிக்கு ஒருமுறை மணிக்கட்டைப் பார்க்கிறாய். வாசலில் சுரைக்காய் ஜூஸ் விற்கிறவர் கையசைத்தாலும் உனக்குத் தெரிவதில்லை. நீ அலுப்பு என்று சொல்வதில் பாதி வெறும் அசதி. மெதுவாக ஓட வேண்டிய நாளில் கொஞ்சம் கூடுதலாக ஓடிவிடுகிறாய். விரட்டி ஓட வேண்டிய நாளில் காலில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. இதோடு போனால் எந்தப் பார்க்கும் பத்து நாளில் புளித்துவிடும்.

ஆகவே, வாரத்தில் பாதி நாளாவது பக்கத்தில் வருகிறவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு வேகத்தைக் குறை. நடப்பவர்கள் உன்னை முந்தினால் முந்தட்டும். ஒரே ஒரு நாள் விளையாடு. விடியற்காலையில், பஸ்கள் கிளம்புமுன், நஜஃப்கர் ரோட்டுக்குப் போ. ப்ளூ லைன் மெட்ரோவின் தூண்களில் எண் எழுதியிருக்கும்; இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் விலாசம் சொல்வதே அதை வைத்துத்தான். ஒரு தூணிலிருந்து மூன்றாவது தூண் வரை பாய்ந்து ஓடு. மூச்சு திரும்பும்வரை மெதுவாகப் போ. அடுத்து எந்தத் தூண் என்பதை அந்த நிமிஷம் முடிவு செய். ஸ்வீடனில் 1930-களில் யோஸ்டா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர் கொண்டுவந்த ஃபார்ட்லெக் முறை இதுதான், அங்கே காட்டுப் பாதை, இங்கே கான்கிரீட். அப்படிக் காட்டில் ஓடிப் பழகிய குண்டர் ஹேக் 1945-இல் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். ஒன்பது வருஷம் நின்ற சாதனை.

மற்றபடி டெல்லியே உனக்கு வேண்டிய மாறுதலைக் கொடுத்துவிடும். மே மாதம் ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிரே வருகிறவரின் மஃப்ளர்தான் முதலில் தெரியும். நவம்பர் மட்டும் வேறு கதை. 2017 நவம்பரில் புகைமூட்டம் காரணமாக டெல்லி அரை மாரத்தானைத் தள்ளிவைக்கச் சொல்லி மருத்துவர்கள் சங்கம் நீதிமன்றம் வரை போயும் ஓட்டம் நடந்தது. நம் புதுக்கோட்டை சூர்யா அதில் 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் ஓடி இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். பெருமைதான். ஆனால் அவருக்கு அது ஒரு நாள் பந்தயம், நீ தினமும் மூச்சிழுக்க வேண்டியவன். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இரு. கயிறு தாண்டினால் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார். தோப்புக்கரணம் போடு, தொடைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

காற்று தெளிந்த ஒரு ஞாயிறு, ஹஸ்த்சால் கிராமத்துச் சந்துக்குள் நிற்கிற ஷாஜகான் காலத்து மினார் வரை ஓடலாம், கூப்பிடு. கையில் அந்தக் கடிகாரம் இருந்தால் நான் வரமாட்டேன்.