துணியைப் பார்த்துவிட்டுக் கத்திரியை எடு

அம்மாவின் மிதி மெஷினை உன் வீட்டுக்குக் கொண்டுபோய், பெல்ட் மாற்றி எண்ணெயும் போட்டாயிற்று என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கையோடு கடைக்கு ஓடிப்போய்ப் புதுத் துணி கிழித்து வாங்கி, சுடிதார் தைத்துப் பழகுகிறேன் என்று கிளம்பிவிடாதே. பழகுவதற்கு வேண்டிய துணி உன் பரணிலேயே கிடக்கிறது. பாத்திரக்காரருக்குப் போடலாம் என்று கட்டி வைத்திருக்கிறாயே, அந்த மூட்டையை முதலில் பிரி.

பிரித்ததும் "இதில் என்ன தைக்கலாம்?" என்று யோசிக்காதே. "இந்தத் துணி எதைத் தாங்கும்?" என்று பார். தையலில் சொதப்புகிறவர்களில் பாதிப் பேர் துணியில்தான் சொதப்புகிறார்கள். கத்திரி எடுக்கும் முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிட வேண்டும்.

ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடி. இழை விலகிச் சல்லடையாகத் தெரிகிற இடம் எதற்கும் உதவாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பாதே. இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் இழுத்துப் பார். சர்ரென்று விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடு. திரைச்சீலை என்றால் வெயில் பட்ட பக்கம் இற்றுப் போயிருக்கும், அறைப் பக்கம் திரும்பியிருந்த மடிப்பு புதுசு போல இருக்கும். படுக்கை விரிப்பு நடுவில் தேயும், ஓரம் தேயாது. புடவையில் கீழ்க்கரை, குதிகால் உரசும் இடம், உட்காரும் இடம் இதெல்லாம் போயிருக்கும். இடுப்பில் முதல் சுற்றாகச் செருகும் உள்பக்கம் வெயிலே காணாதது. முந்தானையும் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

அடுத்தது, அது பருத்தியா பாலியஸ்டரா என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டு. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்திவிடு. பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பட்டில் முடி கருகும் வாடை வரும். ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும், ஆனால் உடுத்த அதுவும் தோதான துணிதான். உருகுகிற துணி எதுவாக இருந்தாலும் சமையலறைக்குக் கைப்பிடித் துணியாகவோ ஏப்ரனாகவோ தைக்காதே. அடுப்புத் தீ பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பர்னிஷிங் துணியில் உடுப்பு தைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். சோஃபாத் துணிக்குப் பின்னால் பிசின் பூச்சு இருக்கும், வெளிச்சம் மறைக்கும் திரைத்துணியிலும் பூச்சு இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்க முடியாது. பூச்சுத் துணியில் ஊசி குத்திய ஓட்டை மறையவும் மறையாது, பிரித்துத் தைத்தால் பல்லிளிக்கும். பூச்சில்லாத பருத்தித் திரைத்துணி, சென்னிமலைப் படுக்கை விரிப்பு, கரூர்ப் பக்கம் ஏற்றுமதிக்கு நெய்து மிச்சமான பருத்தித் துணி, இவற்றில் பாவாடையோ மேல்கோட்டோ தாராளமாகத் தைக்கலாம். மற்றதெல்லாம் வீட்டுச் சாமானுக்கு.

எங்கே வாங்குவது

வீட்டு மூட்டை தீர்ந்த பிறகுதான் கடை. பர்னிஷிங் கடைக்குப் போனால் தானிலிருந்து கிழித்துத் தரச் சொல்லாதே. "பிட்டு இருக்கா?" என்று கேள். திரை தைத்தது போக மிஞ்சிய முக்கால் மீட்டர், ஒன்றேகால் மீட்டர் எல்லாம் ஒரு மூலையில் கிடக்கும். பழசாகிப்போன சாம்பிள் புத்தகங்களையும் கேட்டுப் பார். பெரும்பாலான கடையில் தூக்கிப்போடத்தான் வைத்திருப்பார்கள். கையகலத் துண்டுகள்தான், ஆனால் பர்ஸ், டம்ளர் வைக்கும் மேட், குண்டூசி மெத்தை இதற்கெல்லாம் போதும். ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஜவுளிச் சந்தைப் பக்கம் யாராவது போனால் போர்வை பிட்டு வாங்கி வரச் சொல்.

துணியின் அகலம், அதாவது பன்னா, என்ன என்று கேட்டு வாங்கு. திரைத்துணி 48 இன்ச்சிலும் வரும், 54 இன்ச்சிலும் வரும். இந்த ஆறு இன்ச்சில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்கைக் கேள்.

16-க்கு 16 குஷன் உறைக்கு, ஜிப் இல்லாமல் பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடும் மாடலுக்கு, 17 இன்ச் அகலம், 38 இன்ச் நீளத்தில் ஒரே துண்டு போதும். 54 பன்னாவில் 17 இன்ச் மூன்று தடவை அடங்கும். ஒரு மீட்டர் என்பது 39 இன்ச் சொச்சம். ஆக ஒரு மீட்டரில் மூன்று உறை. 48 பன்னாவில் அதே ஒரு மீட்டருக்கு இரண்டுதான். துணி பருத்தி என்றால் சுருங்குவதற்காகப் பத்து சென்டிமீட்டர் சேர்த்து வாங்கு.

தைப்பதும் சுலபம். 38 இன்ச்சின் இரு முனையிலும் ஒவ்வொரு இன்ச் விட்டு, அதை அரை அரையாக இரண்டு மடிப்பு மடித்து அடி. இப்போது நீளம் 36. நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கி மடி. உயரம் சரியாக 16 வரும்போது, முனைகள் நாலு இன்ச் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தைத்துத் திருப்பு. அந்த நாலு இன்ச் ஏறியிருக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு ஓட்டு ஓட்டு, உறை மாட்டும்போது பிய்வது அங்கேதான். பூச்செடி, யானை என்று தலைகீழ் தெரிகிற டிசைன் என்றால் நடு 16 இன்ச்சில் அது நேராக வரும்படி வெட்டு. பின்பக்கம் யானை கவிழ்ந்துதான் நிற்கும், நிற்கட்டும்.

ஊசியும் தண்ணீரும்

வாங்கிய துணியானாலும் வீட்டுத் துணியானாலும், பருத்தியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கடைத் துணியின் விறைப்பில் கஞ்சியும் உண்டு. அது போன பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். சாயம் போகுமா என்று பார்க்க ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய். கைக்குட்டை நிறம் மாறினால் அந்தத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்காதே.

மெஷின் ஊசியில் 11, 14, 16, 18 என்று எண் போட்டிருக்கும். மல், பழைய வேஷ்டி, பட்டுக்கு 11. சாதாரணப் பருத்திக்கு 14. திரைத்துணி, போர்வைக்கு 16. ஜீன்ஸ், சோஃபாத் துணிக்கு 18. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பார். தடித் துணிக்குத் தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்டி வை. எண்ணெய் போட்ட அன்று முதல் ஐந்து நிமிஷம் கந்தலில் மட்டும் ஓட்டு, நல்ல துணியில் கறை விழாது.

பர்னிஷிங் துணி வெட்டினால் நூல் நூலாக உதிரும். உன் மெஷினில் நேர்த்தையல் மட்டும்தானே வரும்? வெட்டின துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தெருமுனை டெய்லரிடம் ஓவர்லாக் அடித்து வாங்கிவிடு. அதற்காக ஒரு மெஷின் வாங்குவது வீண். மெல்லிய துணி என்றால் அதுவும் வேண்டாம். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் இன்ச்சில் ஒரு தையல், பிறகு உள்பக்கமாகத் திருப்பி, பிசிறு உள்ளே அடங்கும்படி இன்னொரு தையல். இதற்கு இரு பக்கமும் கால் இன்ச் கூட விட்டு வெட்ட வேண்டும், மறந்துவிடாதே.

முதலில் தைக்க வேண்டியவை

நேர்க்கோட்டிலேயே முடிகிற வேலையாக எடு. 60-க்கு 90 ஒற்றை விரிப்பு ஒன்று நடுவில் நைந்திருந்தால், இரண்டு ஓரத்திலும் 18 இன்ச் அகலத்தில் 62 இன்ச் நீளத்துக்கு வெட்டு. 17-க்கு 27 தலையணை உறை இரண்டு ஆயிற்று. இரு முனையையும் ஒவ்வொரு இன்ச் மடித்து அடி. நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையிலிருந்து 27 இன்ச்சை மேலே மடி. எதிர்முனையில் ஆறு இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும்படி வை. அந்த ஆறையும் மேலே கவிழ்த்து, இரண்டு நீளப் பக்கங்களையும் அரை இன்ச் விட்டுத் தைத்துத் திருப்பினால், தலையணையைச் செருகும் மடி தானாக உள்ளே போய்விடும். மிஞ்சிய நடுப்பகுதியில் நைந்த இடத்தை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடித் துணி தை, நடுவில் பழைய டர்க்கி டவலை ஒரு அடுக்கு வை. மிதியடி தைக்கிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. துணி மிஞ்சும்போதெல்லாம் மிதியடி தைத்து, கடைசியில் யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் முழிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

வளையம் அடித்த பழைய திரை இருந்தால் அதை வேறெதற்கும் வீணாக்காதே, பை தை. மேல்பட்டைக்குள் ஏற்கெனவே கேன்வாஸ் இருக்கும், அதுவே பையின் வாய். நான்கு வளையம் அடங்குகிற அகலத்துக்கு, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் வெட்டு. உயரம் 18 இன்ச் போதும். உள்பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்தால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு வளையம். பக்கவாட்டில் ஒரு தையல், அடியில் ஒரு தையல், அவ்வளவுதான். கேன்வாஸ் பட்டை வரும் இடத்தில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்று. அடி அகலமாக வேண்டுமானால் இரு கீழ்மூலைகளையும் முக்கோணமாக விரித்து, முனையின் குறுக்கே மூன்று இன்ச் அகலத்துக்கு ஒரு தையல் போடு. கைப்பிடிக்குக் கிழிந்த துப்பட்டாவை மூன்று பட்டையாகக் கிழித்துப் பின்னி, வளையங்களில் நுழைத்து முடிச்சுப் போடு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்ததும் உனக்குத் தெரியும். தேங்காயும் பூசணியும் சேர்த்துப் போட்டால் இந்தத் திரைப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

உடுப்பில் முதலில் பாவாடை. பருத்திப் புடவையின் 45 இன்ச் பன்னாவில், கரை அடியில் வரும்படி 28 இன்ச் விட்டு நெடுக வெட்டு. கரையே கீழ் ஓரம் என்பதால் மடித்து அடிக்க வேண்டியதில்லை. இரண்டரை மீட்டர் எடுத்தால் நல்ல கொசுவம் விழும். இரு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, மேலே கால் இன்ச்சும் அதன்மேல் ஒன்றரை இன்ச்சும் மடித்து, எலாஸ்டிக் நுழைக்க இரண்டு இன்ச் இடைவெளி விட்டு அடி. ஒரு இன்ச் எலாஸ்டிக்கை இடுப்பளவில் ஒரு இன்ச் குறைத்து வெட்டு. முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு இன்ச் ஏற்றித் தைத்தால், இடுப்பை விட இரண்டு இன்ச் குறைவாக நிற்கும். பெரியவள் மீனுவுக்கு முழங்காலுக்குக் கீழே வரும். மேலே மிஞ்சுகிற 17 இன்ச் பட்டை இருக்கிறதே, அது அப்படியே குஷன் உறை அளவு! மெல்லிசாக இருந்தால் உள்ளே பழைய வேஷ்டியை வைத்து ஒரே துணியாகத் தை.

நைட்டிக்குப் பேப்பர் வெட்டி அளவெடுத்துச் சிரமப்படாதே. உனக்குச் சரியாக இருக்கிற நைட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடித்த துணியின்மேல் வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போடு. பக்கத்துக்கு அரை இன்ச், அடிக்கு ஒரு இன்ச் விடு. கழுத்தை மட்டும் வரைந்த கோட்டை விட அரை இன்ச் சின்னதாக வெட்டு. பெரிதாக்க எப்போதும் முடியும், சின்னதாக்க முடியாது. கழுத்துக்கு அடிக்கும் பட்டையை நேராக வெட்டாதே, கிராஸில் ஒன்றேகால் இன்ச் வெட்டு. அப்போதுதான் வளைவில் சுருங்காமல் உட்காரும்.

அப்பாவின் பழைய எட்டு முழ வேஷ்டிகளை யாருக்கும் கொடுக்காதே. துவைத்துத் துவைத்துப் பதமான அந்தத் துணிக்கு ஈடாகப் புதுத் துணி கிடையாது. சின்னவளின் பிரசவம் ஐப்பசியில்தானே? ஜப்லா தைத்து வை. பட்டன் வேண்டாம், முதுகில் நாடா. தையலின் பிசிறு வெளிப்பக்கம் வரட்டும், குழந்தை தோலில் உரசாது.

பட்டுப் புடவையில் கை வைப்பதற்கு முன் என்னிடம் கேள். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்புக் கோட்டில் வெடிக்கும். அந்தக் கோடுகளைத் தவிர்த்து வெட்டி, பின்னால் மல் துணி வைத்துக் கொடுத்தால்தான் நிற்கும். குழந்தைகள் குதிக்கிற சோஃபாவுக்கு அது ஆகாது. பூஜை அறைத் திரைக்கு வேண்டுமானால் சரி.

பவானி ஜமுக்காளத்தை மட்டும் மெஷின் அடியில் வைத்துவிடாதே. ஊசியும் போகும், மெஷினும் முனகும். ஓரம் பிரிந்திருந்தால் கோணி ஊசியில் தடி நூல் கோத்துக் கையால் தைத்துவிட்டு, எப்போதும்போல உட்கார விரித்துப் போடு.