தெருத்தூசியும் கிணற்றுத் தண்ணீரும்



"மழை வந்தா தூசி அடங்கிடும்" என்று சொல்வோம். அடங்கிய தூசி எங்கே போகிறது? இந்த மாதப் பாடம் அதுதான்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே நாவற்குடா இருக்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவிலே மணல் நிலம். இப்படியான ஊர்களின் தெருத்தூசி வெறும் மண்ணல்ல. மாட்டுச் சாணம், மக்கிய இலை, சிந்திய உரம், வாகனப் புகையில் வந்து படிந்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். இவை எல்லாவற்றிலும் நைதரசன் உண்டு.

மாரி மழை இதைக் கழுவி வாவிக்குக் கொண்டு போகும். அங்கே பாசி பெருகும். பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் குறையும்; மீன் சாகும்; மீனவர் வீட்டு உலை ஆறும்.

மற்றொரு பங்கு மணலுக்குள் இறங்கும். மலசலகூடக் குழிக் கழிவும் வயலுக்குப் போட்ட உரமும் அதோடு சேரும். அவைதான் பெரும் பங்கு. மண்ணுக்குள் இது நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வரும். நிறமில்லை, மணமில்லை.

"கொதிக்க வெச்சா போயிடும்தானே?" போகாது! தண்ணீர் வற்ற வற்ற, நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் சில கிணறுகள் இதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம். உதடும் நகமும் நீலமாகும். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வைத்தியர் இதைக் கண்டு எழுதினார்.

"அது மட்டக்களப்புக் கதை, நமக்கென்ன?" என்று கேட்காதீங்க. நம்ம மலைக்குப் போடும் 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். கன மழைக்கு முன்னே போட்டால், செடிக்குப் போக வேண்டியது கான் வழியே ஓடைக்குப் போகும். கீழ் லயத்துப் பீலிக்கும் அதுவே வரலாம்.

செய்ய வேண்டியவை:

1. உரப்பையைப் பீலியிலோ ஓடையிலோ கழுவாதீங்க.
2. உரம் போட்ட கையோடு குடிதண்ணீர் மொள்ளாதீங்க.
3. மாட்டுச் சாணத்தைக் கானில் தள்ளாமல் குழியில் சேர்த்து, மரக்கறித் தோட்டத்துக்குப் போடுங்க.
4. மலசலகூடக் குழியைத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேட்டில் வெட்டாதீங்க.
5. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்க. உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

மேலே இருப்பவர் கொட்டுவதைக் கீழே இருப்பவர் குடிக்கிறார். இதை இன்றைக்கே வீட்டில் பேசுங்கள்.