ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்டுக்கு மின்சாரம் எங்கிருந்து? வீட்டில் ஆம்ப்ளிஃபையர் கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபையரில் ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், பாட்டு போக வேண்டிய கம்பியில் முழு டிசி வோல்டேஜும் நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில் அது ஏறக்குறைய 33 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவில்தான் காட்டும். கணக்குப் போட்டால் காயிலில் 180 வாட் வெப்பம். கூம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்க, காயில் சில நொடிகளில் கருகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் ரிலே வைத்த பாதுகாப்பு போர்டு. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் யுபிசி1237 ஐசி வைத்த போர்டுகள் தயாராகவே கிடைக்கின்றன. போர்டை வாங்குவது எளிது. அதற்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தவறான இடத்திலிருந்து எடுத்தால் டயோடு எரியும், அல்லது ஸ்விட்சை அணைக்கும்போது ‘டப்’ சத்தம் வரும், அல்லது ஆபத்து நேரத்தில் ரிலே விடுபடாமலே போகும்.

எந்த முறையில் கட்டினாலும் மூன்று நிபந்தனைகளை மனதில் வையுங்கள். போர்டின் சப்ளைக்குத் தனி கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்ததும் மெயின் சப்ளைக்கு முன்பே அது இறங்கிவிட வேண்டும். அதன் கிரவுண்ட் ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்டோடு ஒரே ஒரு இடத்தில் சேர வேண்டும்.

தொடங்குமுன்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் கெப்பாசிட்டர்களில் சேர்ந்த மின்சாரம் வெகுநேரம் நிற்கும். 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கே அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகு கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

படி 1: ரிலேக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்?

ரிலேயின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். காயில் முனைகளில் ஓம் அளந்து, வோல்டேஜை அதனால் வகுங்கள். பரவலாகக் கிடைக்கும் சிறிய 12 வோல்ட் ரிலே 400 ஓம் காட்டும். அதாவது 30 மில்லி ஆம்பியர். ஸ்டீரியோவுக்கு இரண்டு ரிலே என்றால் 60. பெரிய கான்டாக்ட் உள்ள 12 வோல்ட் ரிலேக்கள் ஒவ்வொன்றும் 75 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். யுபிசி1237 தன் ரிலே முனையில் தாங்குவது 80 மில்லி ஆம்பியர்தான். அதனால் இரண்டு பெரிய ரிலேக்களை அதில் நேராகப் பூட்டாதீர்கள். 24 வோல்ட் ரிலே என்றால் அதே வேலைக்குப் பாதி கரண்ட் போதும்.

படி 2: எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, டிரான்ஸ்ஃபார்மரில் வேறு எதற்கும் பயன்படாத தனி 12 வோல்ட் சுற்று. இதுவே சிறந்தது. இரண்டு கம்பிகளையும் போர்டின் ஏசி முனைகளில் அப்படியே கொடுக்கலாம்.

இரண்டாவது வழி, 0-12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தனியாக வைப்பது. அதன் 230 வோல்ட் பக்கத்தைப் பவர் ஸ்விட்சுக்குப் பிறகு, தனி ஃபியூஸ் வழியாக இணையுங்கள். பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு சேர்ப்பவர்களுக்கு இது நிம்மதியான வழி.

மூன்றாவது, டோன் போர்டுக்காக டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் 12-0-12 சுற்றையே பகிர்ந்துகொள்வது. பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

படி 3: 12-0-12 சுற்றிலிருந்து சரியாக எடுப்பது

டோன் போர்டு ஓடும்போது அந்தச் சுற்றின் நடுக் கம்பி ஏற்கெனவே கிரவுண்டில் இருக்கிறது. பாதுகாப்பு போர்டிலோ நான்கு டயோடு பிரிட்ஜ் இருக்கிறது. பிரிட்ஜின் மைனஸ்தான் போர்டின் கிரவுண்ட். நடுக் கம்பியையும் ஒரு ஓரக் கம்பியையும் போர்டின் ஏசி முனைகளில் கொடுத்து, போர்டு கிரவுண்டையும் ஆம்ப்ளிஃபையர் கிரவுண்டோடு சேர்த்தால், பிரிட்ஜின் ஒரு கீழ் டயோடு வழியே சுற்று நேராக ஷார்ட் ஆகும். இரண்டு ஓரக் கம்பிகளைக் கொடுத்தாலும் இதே கதி. கிரவுண்டைச் சேர்க்காமல் விட்டால் புகை வராது; ஆனால் போர்டுக்கு டிசி தெரியவே தெரியாது.

சரியான முறை இது. போர்டில் நான்கு தனி டயோடுகள் இருந்தால், கிரவுண்டில் தொடும் இரண்டை மட்டும் கழற்றுங்கள். பிரிட்ஜ் ஒரே துண்டாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, இரண்டு ஏசி துளைகளிலிருந்தும் பிளஸ் துளைக்கு ஆளுக்கொரு 1என்4007 டயோடு சால்டர் செய்யுங்கள். கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். பிறகு இரண்டு ஓரக் கம்பிகளையும் ஏசி முனைகளில் கொடுங்கள். நடுக் கம்பி வழக்கம்போல் ஆம்ப்ளிஃபையர் கிரவுண்டிலேயே இருக்கட்டும். இப்போது சுமார் 16 வோல்ட் டிசி கிடைக்கும். ஏசி நின்றதைக் கவனித்து ரிலேயை விடுவிக்கும் வசதி போர்டில் இருந்தால் அதுவும் வேலை செய்யும்.

12 வோல்ட் ரிலேக்கு 16 வோல்ட் அதிகம். காயில் சூடாகிக்கொண்டே இருக்கும். போர்டில் 7812 ரெகுலேட்டர் இல்லையென்றால், இரண்டு சிறிய ரிலேக்களின் பொதுப் பிளஸ் கம்பியில் 68 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் ஒரு டயோடு, கோடு பிளஸ் பக்கம் பார்த்தபடி, இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் வோல்டேஜ் ஐசியைப் பழுதாக்கும்.

படி 4: கெப்பாசிட்டரைச் சிறிதாக வையுங்கள்

பெரிய கெப்பாசிட்டர் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. இரண்டு சிறிய ரிலேக்களுக்கு 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் போதும். ஸ்விட்சை அணைத்ததும் 0.2 விநாடிக்குள் ரிலே விட்டுவிடும். ஆம்ப்ளிஃபையர் அணையும்போது போடும் சத்தம் ஸ்பீக்கரை எட்டாது. 4700 போட்டால் ரிலே ஒன்றரை விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் முழுதும் ஸ்பீக்கருக்குள் போகும்.

மெயின் சப்ளையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால்

பிளஸ் 33 வோல்ட்டை 7812-க்கு நேராகக் கொடுக்காதீர்கள். அதன் உச்ச உள்ளீடு 35 வோல்ட். மின்வாரிய வோல்டேஜ் சற்று உயர்ந்தாலே எல்லை தாண்டிவிடும்.

வெறும் தொடர் ரெசிஸ்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிலே பிடிக்கும் முன் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத ரெசிஸ்டர் வோல்டேஜைக் குறைக்காது. அந்த நொடிகளில் 33 வோல்ட்டும் போர்டுக்குள் போகும். போர்டில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் அது வெடிக்கலாம். அதனால் பிடி139 டிரான்சிஸ்டரும் 13 வோல்ட் ஜீனரும் கொண்ட எளிய ரெகுலேட்டர் கட்டுங்கள். 60 மில்லி ஆம்பியரில் டிரான்சிஸ்டர் ஒன்றேகால் வாட் வெப்பம் விடும். சிறிய ஹீட் சிங்க் அவசியம்.

இவ்வளவு செய்தாலும் ஒரு குறை தீராது. மெயின் கெப்பாசிட்டர்கள் மெதுவாகத்தான் இறங்கும்; ஏசியைக் கவனிக்கும் கம்பியைத் தனியாக இழுத்தால் ஒழிய ரிலே தாமதமாகத்தான் விடும். ஆகவே வேறு வழியில்லாதபோது மட்டும் இதை எடுங்கள்.

படி 5: கிரவுண்ட் ஒரே கம்பியில்

ஸ்பீக்கர் மைனஸ் கம்பிகள் வந்து சேரும் மையக் கிரவுண்டிலிருந்து போர்டுக்கு ஒரே ஒரு கம்பி இழுங்கள். டோன் போர்டின் கிரவுண்டிலிருந்தோ இன்புட் சாக்கெட்டிலிருந்தோ எடுக்காதீர்கள். ரிலே கரண்ட் அந்த வழியே ஓடி ஹம் சத்தத்தைக் கொண்டுவரும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இந்தக் கம்பி வேண்டும். அது இல்லாவிட்டால் போர்டு எதை வைத்து டிசியை அளக்கும்?

படி 6: ரிலே கான்டாக்டுகள்

ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டை, மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும் கான்டாக்டில் கொடுங்கள். ஸ்பீக்கர் பிளஸ்ஸை நடுவில் அசையும் கான்டாக்டில் கொடுங்கள். அப்போது போர்டின் சப்ளை போனாலும் ஸ்பீக்கர் தானாகத் துண்டிக்கப்படும். மூன்றாவது கான்டாக்டுக்குக் கம்பி இழுக்க இடமிருந்தால் அதை மையக் கிரவுண்டில் சேருங்கள். பொதுவான ரிலேக்களின் டிசி அளவு 30 வோல்ட்தான். 33 வோல்ட்டைத் துண்டிக்கும்போது பொறி நீடிக்கலாம். அப்படி நீடித்தால் அந்தப் பொறி ஸ்பீக்கருக்குப் போகாமல் கிரவுண்டுக்குப் போய் மெயின் சப்ளையின் ஃபியூஸை எரிக்கும்.

படி 7: ஸ்பீக்கர் இல்லாமல் சோதியுங்கள்

1. 230 வோல்ட் கம்பியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து ஆன் செய்யுங்கள். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்து 3-ஆம் படியைச் சரிபாருங்கள்.

2. பல்பை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். சில நொடிகள் கழித்து ரிலே ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். அப்போது காயில் முனைகளில் 11 முதல் 13 வோல்ட் இருக்க வேண்டும்.

3. அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் அவுட்புட் கம்பியைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். மீண்டும் ஆன் செய்து ரிலே பிடித்த பிறகு, இரண்டு ஏஏ செல்களைத் தொடராக்கிய 3 வோல்ட்டை அந்த இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கொடுங்கள். ரிலே விட வேண்டும். செல்லைத் தலைகீழாக மாற்றிப் பிடித்தாலும் விட வேண்டும். இரண்டு சேனலுக்கும், இரண்டு திசையிலும் பாருங்கள். பிளஸ்ஸுக்கு விட்டு மைனஸுக்கு விடாத போர்டு பாதிக் காவல்தான்.

4. கடைசியாக அவுட்புட் கம்பியைத் திரும்ப மாட்டி, பவர் ஸ்விட்சை அணையுங்கள். மெயின் கெப்பாசிட்டர்கள் இறங்கும் முன்பே, உடனடியாக ரிலே விடும் ஓசை கேட்க வேண்டும்.

இந்த நான்கிலும் தேறிய பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். இரண்டு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு கிரவுண்ட் கம்பி: கூடுதல் செலவு இவ்வளவுதான். நல்ல ஸ்பீக்கர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பேட்டரி சோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவிர்த்துவிடாதீர்கள். சோதித்துப் பார்க்காத பாதுகாப்பை நம்பி ஸ்பீக்கரை ஒப்படைக்கக் கூடாது.