நம் வீட்டு மண்வெட்டி

கொல்லங்கோடு பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. நெல்லியம்பதி மலை அருகில் உள்ள ஊர். ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கும். மண் இளகும். வீட்டுக் கொல்லையில் வெண்டையும் பயறும் விதைக்க ஏற்ற நேரம் அது.

அப்போது எல்லோருக்கும் மண்வெட்டி வேண்டும். கொடுப்பவருக்கும் அன்றுதான் வேலை. இரவல் கேட்பவர் காத்திருக்க வேண்டும். விதைப்பு தள்ளிப் போகும். இரவல் வாங்கிய மண்வெட்டியின் காம்பு உடைந்தால் மனவருத்தமும் வரும்.

எல்லாக் கருவிகளையும் வாங்க வேண்டுமா? வேண்டாம். அடிக்கடி தேவைப்படுபவை மண்வெட்டியும் களைக்கொத்தும்தான். இவற்றைச் சொந்தமாக வாங்கலாம். பூவாளிக்குப் பணம் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் சிறு துளைகள் போட்டால் போதும். கடப்பாரை எப்போதாவதுதான் தேவைப்படும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

பணத்துக்கு என்ன வழி? கேரளத்தில் 1998ஆம் ஆண்டு குடும்பஸ்ரீ திட்டம் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அயல்கூட்டமாகக் கூடுகிறார்கள். சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். அதிலிருந்து கடனும் பெறுகிறார்கள். வாரம் 20 ரூபாய் சேமித்தால் 15 வாரத்தில் 300 ரூபாய் சேரும். பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பித்தால் ஜூன் மழைக்கு முன் அந்தப் பணம் கையில் இருக்கும்.

வாங்கிய கருவியைக் காக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழுவுங்கள். ஈரம் போகத் துடையுங்கள். இரும்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எளிதில் துரு பிடிக்காது. காம்பு ஆடினால் ஆப்பு அடியுங்கள்.

சொந்தக் கருவி இருந்தால் மழை பெய்த மறுநாளே கொத்தலாம்.

கணக்குப் போடுங்கள்:
ஒரு மண்வெட்டி 360 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 20 ரூபாய் சேமித்தால் எத்தனை வாரத்தில் வாங்கலாம்?