விதை முளைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது?

புரட்டாசி மாதத்தில் நல்ல மழை பெய்தவுடன் திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் நிலங்களிலே விதைப்பு ஆரம்பமாகிவிடுகிறது. மானாவாரிக் குடியானவருக்கு அந்தப் பத்து நாட்கள்தான் வருஷம் என்று சொல்லலாம். ஈரம் காய்வதற்குள் பருத்தியோ மக்காச்சோளமோ மண்ணில் விழுந்தாக வேண்டும். அவர் மதுரை நகரத்துக் கடைக்குப் பஸ் ஏறிச் சென்று, சொன்ன விலையைக் கொடுத்து, விதை வாங்கி வந்து ஊன்றுகிறார். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் சாலுக்குச் சால் வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்து நிலத்திலோ, அதே மழையில் அதே நாளில் ஊன்றிய வேறு விதை பச்சை காட்டி நிற்கிறது.

இந்த நிலையில் அவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் விதியை நொந்துகொள்கிறார். பிறகு கைமாற்று வாங்கி, வேறு விதை வாங்கி, நிலத்தை உழுதுவிட்டு மறு விதைப்புச் செய்கிறார். உழுத அன்றே அவருடைய வழக்கும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

கடையில் வாங்கிய வேட்டியில் கிழிசல் இருந்தால் மறுநாளே எடுத்துக்கொண்டு போய் நியாயம் கேட்கிறவர்கள்தாம் நாம். விதை விஷயத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. இதற்குக் காரணம் அறியாமை என்று பட்டணத்தார் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மை அன்று. வேட்டி கையில் இருக்கிறது. விதை மண்ணில் மறைந்துவிட்டது. அதோடு, பல குடியானவர்கள் விதை, உரம், மருந்து மூன்றையும் ஒரே கடையில் கணக்கு வைத்து வாங்குகிறார்கள். பழைய பாக்கி நிற்கும்போது முதலாளியை எதிர்த்துப் பேச நா எழாது. பாக்கிக்கு வாங்கியவருக்குக் கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டிலே விதையின் பெயர் இராது. குவியல் எண் இராது. சில சமயம் கடையின் பெயர்கூட இராது.

ஆகவே முறையீட்டின் முதற்படி, விதை வாங்கும் நாளிலேயே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விதை விற்பவர் வாங்குபவருக்கு ரசீது கொடுத்தே தீர வேண்டும். ரொக்கத்துக்கு விற்றாலும் சரி, கடனுக்கு விற்றாலும் சரி, இந்த விதி ஒன்றுதான். உரத்துக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் இவ்வாறே விதி உண்டு. ரசீது கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிகச் செயல் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். குறையுள்ள சரக்கின் விஷயத்தில் அந்த வாசகம் செல்லாது. ரசீதில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், கெடு இல்லையேல் 30 நாட்களுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற செயலே.

பையின் மீது தைத்திருக்கும் அட்டையையும் படித்துப் பார்க்க வேண்டும். நீல நிற அட்டை, சான்று பெற்ற விதை என்பதற்கு அடையாளம். பச்சை அட்டை, உற்பத்தியாளர் தாமே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மை நிலை விதைக்கு உரியது. அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன் ஆகியவை காணப்படும். சான்று விதைக்கு நெல்லானால் நூற்றுக்கு 80, உளுந்தானால் 75, நிலக்கடலையானால் 70 விதைகளாவது முளைக்க வேண்டும் என்பது விதிக்கப்பட்ட குறைந்த அளவு. நூறு விதையை எண்ணி எடுத்து, நனைத்த கோணிச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இதை அறிந்துகொள்ளலாம். மழைக்கு முன்னரே விதை வாங்கி வைப்பவர்களுக்கே இது கைகூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதை கெட்டுப்போனால் குடியானவருக்கு நஷ்டஈடு உண்டா என்ற கேள்விக்கு விடை நெடுநாள் தெளிவாக இருக்கவில்லை. 1966-இல் இயற்றப்பட்ட விதைச் சட்டம், தவறு செய்த வியாபாரிக்கு முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் விதித்தது. அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும். விளைச்சலை இழந்தவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. 1986 டிசம்பர் 24-ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வாங்கியவரே நேரில் சென்று ஈடு கேட்பதற்கு வழி திறந்தது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. லாபத்துக்காக மறுவிற்பனை செய்பவரையும், வியாபார நோக்கத்துக்காக வாங்குபவரையும் இச்சட்டம் நுகர்வோர் என்று கொள்வதில்லை. ஆயினும் தம் உழைப்பால் ஜீவனம் செய்வதற்காக வாங்குகிறவரை இது விலக்கவில்லை. "விளைச்சலை விற்கிறாயே, நீ எப்படி நுகர்வோர் ஆவாய்?" என்று எதிர்த்தரப்பார் கேட்டால் இதுவே விடை. இலவசமாகப் பெற்ற விதைக்கு மட்டும் இச்சட்டப்படி முறையிட இயலாது. விலை கொடுத்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் உச்சநீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை நாம் அறிந்திருப்பது நல்லது. மதுரைச் சீமையில் நடந்தவை அல்ல என்றாலும், நம் வயலுக்கும் அவை பொருந்தும்.

ஒன்று 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கூறப்பட்டது. ஆந்திர மாநில விவசாயிகள் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கிப் பயிரிட்டு நஷ்டமடைந்தார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றங்கள் வயல்களைப் பார்வையிடச் செய்து, நிபுணர் அறிக்கைகளின் பேரில் அவர்களுக்கு ஈடு வழங்கின. கழகம் மேல் முறையீடு செய்தது. விதைக்குத் தனிச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது ஒரு வாதம். விதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவில்லையே என்பது மற்றொன்று. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதுதான் குடியானவரின் இயல்பு. பின்னால் வழக்கு வரும் என்று எண்ணி அவர் ஒரு பங்கை எடுத்து வைப்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. அதே குவியலின் மாதிரியைச் சோதனைக்கு அளிக்க விதை விற்ற நிறுவனத்தால் முடிந்திருக்கும் என்பது தீர்ப்பின் சாரம். விதைச் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு இடமில்லாததால், நுகர்வோர் சட்டத்தின் பரிகாரம் அதனால் தடைப்படாது என்றும் முடிவாயிற்று.

மற்றொன்று 2005-ஆம் ஆண்டில், ஹரியானா மாநிலத்து விதை அபிவிருத்திக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் வந்தது. அங்கே விவசாயிகள் தோற்றார்கள். பயிரின் நிலை சரியில்லை என்பதை விவசாய இலாகாவின் அறிக்கை காட்டியது. ஆனால் அதற்கு விதையின் தரக்குறைவே காரணம் என்று அதில் எழுதப்படவில்லை. பயிரின் நிலை வேறுபடுவதற்கு விதை தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்று நீதிமன்றம் கருதியது.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் வயலில் செய்ய வேண்டியது விளங்கும். கையில் மாதிரி விதை இல்லை என்பதால் மட்டும் வழக்குப் போய்விடாது. ஆனால் காரணம் சொல்லாத அறிக்கையால் போய்விடக்கூடும். ஆகையால், முளைப்பு வரவில்லை என்று தெரிந்த அன்றே, விதை வாங்கியவர் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, வயலைப் பார்வையிடுமாறு கேட்க வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை பெற வேண்டும். விதை ஆய்வாளருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். பார்வையிட வரும் அலுவலரிடம் சில விஷயங்களை எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் கோரலாம்: விதைத்த நாள், அன்று நிலத்தில் இருந்த ஈரம், விதைத்த ஆழம், பக்கத்து வயலில் வேறு விதையின் முளைப்பு, அதே குவியல் எண்ணை வாங்கிய மற்றவர் வயலின் நிலை. கடைசியாகக் கூறிய இரண்டும் மிக முக்கியமானவை. ஒரே மழையில் ஒரு விதை முளைத்து மற்றொரு விதை முளைக்காமற் போனால், மழையின் மீது பழி போட முடியாதல்லவா?

இங்கே ஓர் உண்மையான சங்கடம் இருக்கிறது. அலுவலர் வருவதற்கு நான்கு நாட்கள் ஆகலாம். அதுவரை நிலத்தை உழாமல் காத்திருந்தால் ஈரம் போய்விடும், வருஷமே போய்விடும். காத்திரு என்று குடியானவருக்குச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வயலின் ஒரு பகுதியை, முடிந்தால் கால் ஏக்கராவது, பக்கத்து வயலை ஒட்டினாற்போல் அப்படியே விட்டுவிட்டு மற்றதை உழுது விதைக்கலாம். உழுவதற்கு முன்பு பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரும் அண்டை நிலத்துக்காரர் இருவரும் வயலில் நின்று, சாலில் ஓர் அளவு தூரத்துக்கு எத்தனை விதை போட்டது, எத்தனை முளைத்தது என்று நாலைந்து இடங்களில் எண்ணி, எழுதிக் கையெழுத்திட வேண்டும். இன்று ஊரில் பலர் கையில் இருக்கும் கைப்பேசியால் படமும் எடுத்துக்கொள்ளலாம். பையையும் அட்டையையும் ரசீதையும், மிஞ்சிய விதை ஒரு பிடி இருந்தாலும் அதையும், எறும்பு எலி அண்டாமல் பத்திரப்படுத்த வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுவே.

அடுத்தது கடைக்கு எழுதும் கடிதம். நேரில் போய்ச் சத்தமிடுவதால் பயன் குறைவு. கடைப் பையன்தான் கலங்குவான். கடிதத்தில் கோபம் வேண்டியதில்லை. "இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள ரசீதின்படி, இந்த ரகம், இந்தக் குவியல் எண் கொண்ட விதை இத்தனை கிலோ தங்களிடம் வாங்கினேன். இன்ன தேதியில் இத்தனை ஏக்கரில் விதைத்தேன். பத்தாம் நாள் சாட்சிகள் முன்னிலையில் எண்ணியதில் நூற்றுக்கு இத்தனையே முளைத்தது. விதையின் விலை, உழவுக்கூலி, மறு விதைப்புச் செலவு ஆக இவ்வளவு நஷ்டம். 15 நாட்களுக்குள் ஈடு செய்யக் கோருகிறேன்" என்ற அளவில் எழுதி, கடைக்கும் உற்பத்தி செய்த நிறுவனத்துக்கும் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையை வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் நாணயமானவர்களே. அவர்களும் உற்பத்தியாளரிடம் ஏமாந்தவர்களாக இருக்கக்கூடும். இத்தகைய கடிதம் வந்தால் அதைக் காட்டியே நிறுவனத்திடம் அவர்கள் ஈடு கேட்க முடியும். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசித் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

இதற்கும் பதில் இல்லையேல், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டும். நிறுவனம் ஹைதராபாத்தில் இருந்தாலும் சரி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. குறை நேர்ந்த இரண்டு வருஷங்களுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். ஒரே குவியல் விதையால் பலர் நஷ்டமடைந்திருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று அனைவருக்குமாக ஒருவரோ சிலரோ மனுச் செய்ய இடமுண்டு. எதிர்த்தரப்பார் 30 நாட்களில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாட்களுக்கு மேல் தவணை கிடையாது. சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிடத் தாமதமாவதுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கிணற்று மோட்டார், தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய் முதலியவற்றுக்கும் வழி இதுவே. அவை கண்முன் நிற்பதால் நிரூபிப்பது எளிது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொண்டால் போதும். மின்சாரம் பற்றிய குறைகளுக்கு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி தனியே குறைதீர் மன்றமும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவு திருப்தியளிக்காவிட்டால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல் முறையீடு செய்யலாம். அதற்குச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படியாத எதிர்த்தரப்பாருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.